ஹின்ச்லிஃப் ஸ்டேடியம்: சரி பண்ணது நியாயமா, இடிச்சிருக்கணுமா?

கேள்வி | 12 மே 2024

பேட்டர்சன்ல ஹின்ச்லிஃப் ஸ்டேடியத்தை 100 மில்லியன் டாலருக்கு மேல கொட்டி சரி பண்ணியிருக்காங்களாம். ஆடறது ஜாக்கல்ஸ்னு ஒரு சின்ன பேஸ்பால் டீம், அமெரிக்க பேஸ்பாலோட உச்ச லீக்கான மேஜர் லீக் கிட்டகூட வராது. அந்தக் காசுக்கு மொத்தமா இடிச்சுட்டு புதுசாவே ஒண்ணு கட்டியிருக்கலாமே? 90 வருஷத்துப் பழைய கான்கிரீட்டை வெச்சு என்ன பண்ணப் போறாங்க? நியூஜெர்சில இருக்கறவங்க, விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

12 மே 2024, ராத்திரி

நான் சொல்றேன். நியூஜெர்சிலதான் இருக்கேன், பார்க்கிங் கேரேஜ், பழைய கட்டடம்னு கான்கிரீட் ரிப்பேர்தான் பொழப்பு. ஹின்ச்லிஃப் வேலைல எனக்கு எந்த சம்பந்தமும் இல்ல, ஆனா பூட்டிக் கிடந்த காலத்துல இருந்து வேலிக்கு வெளிய நின்னு பாத்துக்கிட்டே இருந்தவன்.

முதல்ல அந்த 100 மில்லியன் கணக்கு. அது ஸ்டேடியத்துக்கு மட்டும் ஆன செலவு இல்ல. அதே திட்டத்துல வயசானவங்களுக்கு குறைஞ்ச வாடகைல 75 வீடு, 315 கார் நிக்கற கேரேஜ், சாப்பாட்டுக் கடையோட ஒரு விழா மண்டபம், மியூசியத்துக்கு இடம் எல்லாம் சேர்ந்திருக்கு. எல்லாத்தையும் கூட்டின தொகையை ஸ்டேடியம் தலைல மட்டும் கட்டினா எப்படி?

அடுத்தது, இடிச்சா அந்தப் பணத்துல பெரிய பங்கு வந்தே இருக்காது. பழமையான கட்டடத்தை அதோட முகம் மாறாம சரி பண்ணா செலவுல 20 சதவீதத்தை வரில கழிச்சுக்கலாம்னு அமெரிக்க மத்திய அரசு சட்டம் இருக்கு. குறைஞ்ச வாடகை வீடு கட்டறதுக்கு வேற வரிச்சலுகை, மாநிலத்துல வேற. இந்த மாதிரி நாலஞ்சு பாக்கெட்ல இருந்து சில்லறை சேர்த்துதான் இந்த வேலை நடந்துச்சு. இடிச்சுட்டு புதுசா கட்டறேன்னு போயிருந்தா பழமைக்கு வர்ற பணம் போயிருக்கும், ஸ்டேடியமும் போயிருக்கும், அந்த எடத்துல நல்லா போனா ஒரு அபார்ட்மென்ட் மட்டும் நின்னுருக்கும்.

அதுவும் போக இது 2013ல தேசிய வரலாற்றுச் சின்னம்னு அறிவிச்ச எடம். 2014 கடைசில பக்கத்துல இருக்கற கிரேட் ஃபால்ஸ் தேசியப் பூங்கா எல்லைக்குள்ளயும் சேர்த்துட்டாங்க. அந்த மசோதாவுக்கு ரொம்ப அலைஞ்சவர் பில் பாஸ்க்ரெல், பேட்டர்சன் மேயரா இருந்து அப்புறம் எம்பி ஆனவர். மேஜர் லீக் டீம் ஆடலைன்னு சொல்றீங்க, ஆனா மேஜர் லீக் உள்ள விடாத ஆளுங்க ஆடின மைதானம் இது, அதுக்குத்தான் அந்தப் பட்டம். அதைத் தனியா எழுதறேன், தூக்கம் வருது.

13 மே 2024

நேத்து விட்டதைத் தொடர்றேன்.

1932ல தொறந்த ஸ்டேடியம். பேட்டர்சன் பட்டு மில்லு ஊர், 1791ல அலெக்சாண்டர் ஹாமில்டன் ஆளுங்க நீர்வீழ்ச்சித் தண்ணியை நம்பி ஆரம்பிச்ச தொழில் நகரம். அந்த நீர்வீழ்ச்சி 77 அடி, பசேயிக் ஆறு மொத்தமா பாறைப் பிளவுக்குள்ள விழும், ஸ்டேடியம் அதுக்கு மேல்பக்கமா ஒட்டினாப்ல உக்காந்திருக்கு. பொருளாதாரம் படுத்துக் கிடந்த காலத்துல, மில்லு வேலை போன ஊர்ல, கிட்டத்தட்ட பத்தாயிரம் பேர் உக்கார்ற மாதிரி கான்கிரீட்ல ஒரு அரங்கம் எழுப்பினாங்க. பேர் அப்ப இருந்த மேயர் ஜான் ஹின்ச்லிஃப் குடும்பப் பேரு.

1933ல இருந்து நியூயார்க் பிளாக் யாங்கீஸ் இங்க ஹோம் டீம். நடுவுல ஒரு சீசன் தவிர 1945 வரைக்கும். கறுப்பின ஆட்டக்காரங்களை மேஜர் லீக்ல சேர்க்காத காலம், அவங்களுக்குன்னு தனி லீக்குங்க, அதுக்குப் பேர் நீக்ரோ லீக்ஸ். நியூயார்க்கோட மேஜர் லீக் டீம் யாங்கீஸ் பேர் இவங்க பேர்லயும் இருந்தாலும் யாங்கீ ஸ்டேடியம் இவங்களுக்குச் சொந்தம் கிடையாது, அதனால ஆத்தைத் தாண்டி பேட்டர்சன் வந்தாங்க. நியூயார்க் கியூபன்ஸ்னு இன்னொரு நீக்ரோ லீக் டீமும் கொஞ்ச நாள் இங்க ஆடினாங்க. ஜோஷ் கிப்சன், சாட்செல் பெய்ஜ், ஆஸ்கர் சார்ல்ஸ்டன், கூல் பாப்பா பெல், மான்ட்டி இர்வின், எல்லாரும் இந்த மண்ணுல ஆடினவங்க. பேஸ்பால் ஜாம்பவான்களுக்கான கௌரவப் பட்டியல், ஹால் ஆஃப் ஃபேம்ல இருக்கற 20 பேருக்கு மேல இங்க ஆடியிருக்காங்க. அந்த லீக்குங்க வழக்கமா ஆடின மைதானங்கள்ல இன்னைக்கு மிச்சம் நிக்கறதை விரல் விட்டு எண்ணிடலாம்.

இதை இடிக்கச் சொல்றது அவ்வளவு சுலபமா வர்றது எனக்குக் கஷ்டமா இருக்கு. கேட்ட நண்பர் மேல கோவம் இல்ல. தெரியாதவங்க கேட்டாத்தானே சொல்ல முடியும்.

15 மே 2024

"90 வருஷத்துப் பழைய கான்கிரீட்"னு கேட்டதுக்கு தொழில்காரனா பதில் சொல்லணும்ல.

கான்கிரீட் வயசாகி சாகறதில்ல, தண்ணி போய்த்தான் சாகுது. படிக்கட்டு மாதிரி இருக்கற உக்கார்ற வரிசையில, ரெண்டு பகுதி சேர்ற ஜாயிண்ட்ல அடைச்ச ரப்பர் காஞ்சு விட்டுப் போகும், மழைத்தண்ணி உள்ள எறங்கும், உள்ள கம்பி துருப் பிடிக்கும். துருப்பிடிச்ச இரும்பு பழைய இரும்பைவிட பல மடங்கு எடம் கேக்கும், அது உப்பி மேல இருக்கற கான்கிரீட்டைப் பேத்துத் தள்ளும். எங்க நியூஜெர்சிக் குளிர்ல அந்த வெடிப்புக்குள்ள தண்ணி உறையும், உருகும், மறுபடி உறையும். அஞ்சு வருஷம் யாரும் பாக்கலைன்னா வெடிப்பு, பதினஞ்சு வருஷம் பாக்கலைன்னா அதுல செடி. ஹின்ச்லிஃப்ல செடி இல்ல, மரமே மொளைச்சிருந்துச்சு. 1997ல பூட்டினது, ரெண்டு மாமாங்கத்துக்கு மேல அப்படியே கிடந்துச்சு.

சரி பண்றது எப்படின்னா, முதல்ல சுத்தியலை எடுத்துக்கிட்டு அங்குலம் அங்குலமா தட்டிப் பாக்கணும். பலாப்பழம் தட்டிப் பாக்கற மாதிரிதான், நல்ல கான்கிரீட் கணீர்னு சொல்லும், உள்ள விட்டுப்போனது டொப்புன்னு சொல்லும். டொப்புன்னு கேட்ட எடத்தைச் சுத்தி சாக்பீஸ்ல கோடு போட்டு, ரம்பத்துல ஓரம் அறுத்து, கம்பிக்குப் பின்பக்கம் விரல் போற அளவுக்குக் கொத்தி எடுக்கணும். கம்பிக்கு முன்னாடியோட நிறுத்தி மேல பூசிட்டு வந்தா ரெண்டு வருஷத்துல மறுபடி அதே எடம் பேந்து வரும், இந்தத் தொழில்ல அதிகமா நடக்கற திருட்டு வேலை இதுதான். கம்பியை மணல் அடிச்சு வெள்ளை வெளேர்னு ஆக்கி, தேஞ்சு போயிருந்தா பக்கத்துல புதுக் கம்பி கட்டி, மேல துருத்தடுப்புப் பூச்சு, அப்புறம்தான் புதுக் கான்கிரீட். அந்தப் புதுக் கான்கிரீட் பழசோட கலர்லயும் சொரசொரப்புலயும் ஒத்துப் போகணும், அதுதான் வரலாற்றுச் சின்னத்துல உசிரை வாங்கற வேலை. சாம்பல் கலர்ல எத்தனை வகை இருக்குன்னு எங்களை மாதிரி ஆளுங்களைக் கேளுங்க.

இன்னொண்ணு யாரும் யோசிக்காதது. சுமார் 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழ போனா ஹீட்டரும் கூடாரமும் இல்லாம கான்கிரீட் போட முடியாது. நியூஜெர்சில அது டிசம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும். பேஸ்பால் சீசன் மே மாசம் ஆரம்பம். அப்ப வேலை செய்ய வாகான மாசமும் ஆடற மாசமும் ஒண்ணாயிடுது, நடுவுல யாராவது விட்டுக் கொடுக்கணும். இங்க 2021 ஏப்ரல்ல வேலையைத் தொடங்கினாங்க, 2023 மே 19 ரிப்பன் வெட்டினாங்க, மறுநாளே ஜாக்கல்ஸ் முதல் மேட்ச். ரெண்டு குளிர்காலம் நடுவுல. தேதி அச்சடிச்சு டிக்கெட் வித்தாச்சுன்னா இன்ஜினியர், கான்ட்ராக்டர், நகராட்சி எல்லாருக்கும் கால்ல சக்கரம் வந்துடும். எத்தனையோ வருஷம் மீட்டிங்ல பேசினதை ஒரு சீசன் தேதி முடிச்சு வெச்சுது.

16 மே 2024

அந்த "திருட்டு வேலை"ன்னு எழுதினதுக்கு ஒருத்தர் உதாரணம் கேட்டிருக்கார். பேர் சொல்ல மாட்டேன். ஒரு கேரேஜ்ல முந்தி வேலை பாத்தவங்க வெடிப்பு மேல பெயின்ட் அடிச்சு வெச்சிருந்தாங்க, கலர் கரெக்டா மேட்ச் ஆயிருந்துச்சு, சுத்தியல்ல லேசா தட்டினேன், தட்டு சைஸ்ல ஒரு துண்டு கைல வந்துடுச்சு. அதுக்குக் கீழ கார் நிக்குது. அவ்வளவுதான் சொல்வேன்.

19 மே 2024

போன வாரம் பொண்ணைக் கூட்டிக்கிட்டு ஒரு மேட்ச் போய்ட்டு வந்தேன். அவ சாஃப்ட்பால் ஆடறவ, அதனால அவளுக்கு ஆட்டம், எனக்குச் சுவர்.

உள்ள நுழையற எடத்துல பழைய டிக்கெட் கவுன்டர் ஜன்னல்களை அப்படியே வெச்சிருக்காங்க. சுவர்ல விளையாட்டு வீரர்கள் உருவம் போட்ட சுட்ட மண் ஓடுங்க, கெயட்டானோ ஃபெடரிச்சின்னு பேட்டர்சன்லயே வாழ்ந்த சிற்பி செஞ்சது. 1932 ஒலிம்பிக்ஸ் வருஷம், அதை மனசுல வெச்சு செஞ்சிருக்காரு. கிட்ட போய்ப் பாத்தா அந்தக் காலத்து ஆர்ட் டெகோங்கற அலங்காரப் பாணிக் கோடு, ஒவ்வொரு தசையும் வெட்டி வெச்ச மாதிரி. ஆள் இல்லாத ஸ்டேடியத்துக்குள்ள கண்டவன் நுழைஞ்சு எழுதிக் கிறுக்கின எடம், அந்த ஓடு தப்பிச்சதே பெரிசு.

மேற்கூரை கிடையாது, திறந்த கான்கிரீட் வரிசைதான், வெயில்ல போறவங்க தொப்பி எடுத்துக்கங்க. இப்ப ஏழாயிரத்துச் சொச்சம் பேர் உக்காரலாம்.

ஸ்டேடியம் வடிவம் முட்டை மாதிரி நீட்டு. அமெரிக்கன் ஃபுட்பால், ஓட்டப்பந்தயம் எல்லாத்துக்கும் சேர்த்துக் கட்டினது, முப்பது நாப்பதுகள்ல குட்டிக் கார் ரேஸ்கூட நடந்திருக்கு. அதுக்குள்ள நாலு பேஸ் இருக்கற பேஸ்பால் சதுரத்தை, டயமண்டைச் செருகினா அளவு கோணலாத்தான் வரும், ஒரு பக்கம் கிட்டத்துல, இன்னொரு பக்கம் எங்கயோ. இது புது விஷயமும் இல்ல, நியூயார்க்ல இருந்த போலோ கிரவுண்ட்ஸ்ல பேட் பிடிக்கறவர் நிக்கற எடத்துலேர்ந்து வலது மூலை 258 அடி, நடுவுல 483 அடி. அந்தக் காலத்துல மைதானம் இருக்கற எடத்துக்கு ஏத்த மாதிரி ஆட்டம் வளைஞ்சுது. இன்னைக்குக் கட்டற புது ஸ்டேடியங்கள்ல பாதி ஒரே அச்சுல வாத்தது, எந்த ஊர்ல உக்காந்திருக்கோம்னே தெரியாது. எனக்கு இந்தக் கோணல் பிடிச்சிருக்கு.

பிடிக்காதது ஒண்ணு: செயற்கைப் புல். ஜோஷ் கிப்சன் ஆடின எடத்துல பிளாஸ்டிக் விரிச்சிருக்காங்களேன்னு மனசு கேக்கல.

20 மே 2024

செயற்கைப் புல் பத்தி நேத்து எழுதிட்டு இன்னைக்கு வேலை நடுவுல பூரா அதையே யோசிச்சேன். இந்த எடம் 1963ல இருந்து பேட்டர்சன் பள்ளி நிர்வாகத்துக்குச் சொந்தம். பக்கத்துலயே அஞ்சாம் நம்பர் ஸ்கூல். பேஸ்பால், ஃபுட்பால், சாக்கர், ஓட்டம்னு எல்லாப் பசங்களும் எறங்கினா நெஜப் புல்லு அக்டோபர் வரைக்கும் தாங்காது, மழை பேஞ்சா ரெண்டு நாளைக்குப் பூட்டு. புல்லுக்காகப் பசங்களை வெளிய நிறுத்தறதா, பசங்களுக்காகப் புல்லை விடறதான்னா, பசங்கதான். இந்த ஸ்டேடியம் செத்ததே ஆள் வராமப் போனதாலதான். நேத்து எழுதினதை அழிக்கல, அந்த வருத்தமும் நெஜம்தான், ஆனா முடிவு எடுத்தவன் எடத்துல நான் இருந்தாலும் இதைத்தான் போட்டிருப்பேன்.

29 மே 2024

எல்லாரும் நியூஸ் பாத்தீங்களா? நீக்ரோ லீக்ஸ் புள்ளிவிவரத்தை மேஜர் லீக் தன்னோட அதிகாரபூர்வ கணக்குல சேர்த்துடுச்சு. ஜோஷ் கிப்சன் வாழ்நாள் பேட்டிங் சராசரி .372, இத்தனை வருஷமா முதல் எடத்துல இருந்த டை காப் ரெண்டாவது. ஒரே சீசன் சராசரிலயும் கிப்சன்தான், 1943ல .466.

புரியாதவங்களுக்கு: பத்து தடவை பேட் பிடிச்சா நாலு தடவை அடிச்சு பேஸுக்குப் போறவன் இந்த ஆட்டத்துல தெய்வம். அந்த ஆள் 1947 ஜனவரில செத்துட்டாரு, 35 வயசு. மேஜர் லீக்கோட நிறத்தடையை உடைச்ச ஜாக்கி ராபின்சன் அங்க கால் வைக்கறதுக்கு மூணு மாசம் முன்னாடி. இன்னைக்கு கணக்குப் புஸ்தகத்துல ஏத்தியாச்சு, நல்லது, சந்தோஷம். ஆனா அந்தக் கணக்குல வர்ற ஆட்டத்தை ஆடின எடம்னு கூட்டிப் போய்க் காட்டறதுக்கு எத்தனை மைதானம் இருக்கு? பிட்ஸ்பர்க்ல கறுப்பினத்தவர் சொந்தமாக் கட்டின கிரீன்லீ ஃபீல்டு 1938லயே இடிச்சாச்சு. நான் முதல் நாளே சொன்னது இதுதான். புஸ்தகத்துல நம்பரைத் திருத்தறது ஆபீஸ் வேலை, கம்பி கட்டி நிறுத்தி வெக்கறது ஊர் வேலை.

2 ஜூன் 2024

"மைனர் லீக்குக்கு இவ்வளவு எதுக்கு"ன்னு இன்னும் ரெண்டு பேர் கேட்டிருக்காங்க. மைனர் லீக், அதாவது மேஜர் லீக்குக்கு ஆட்டக்காரங்களைத் தயார் பண்ற கீழ்மட்ட லீக்குங்க, அந்த உலகத்துல 2021ல என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சா இது புரியும்.

முன்ன மேஜர் லீக் டீமுங்களோட ஒப்பந்தத்துல 160 மைனர் லீக் டீம் இருந்துச்சு. 2021ல மேஜர் லீக் மொத்த நிர்வாகத்தையும் தன் கைல எடுத்து 120ஆ குறைச்சுடுச்சு. மிச்சம் நாப்பது ஊர்? சிலது கல்லூரிப் பசங்க ஆடற கோடை லீக்குக்குப் போச்சு, சிலது தனி லீக்குக்கு. தப்பிச்ச 120க்கும் ஒரு பட்டியல் நீட்டினாங்க: இந்த அளவுக்கு உடை மாத்தற ரூம் வேணும், பெண் ஊழியர்களுக்குத் தனி ரூம் வேணும், உள்ளுக்குள்ள பேட்டிங் பழகற கூண்டு, விளக்கு வெளிச்சம் இத்தனை, ஆட்டக்காரங்க சாப்பிட தனி எடம். கேக்கறது எல்லாம் நியாயம்தான், அந்தப் பசங்க பஸ்ல சுத்தி சாண்ட்விச் தின்னு வாழ்ந்த வாழ்க்கை கொடுமை. ஆனா செலவு யார் தலைல? பெரும்பாலும் அந்தச் சின்ன ஊர் நகராட்சி தலைல. 1914லயோ 1930லயோ கட்டின ஸ்டேடியத்துல ரூமுக்குச் சுவரைத் தள்ளவும் முடியாது, விட்டா டீம் போயிடும்.

ஃப்ளோரிடா டேட்டோனா பீச்ல ஜாக்கி ராபின்சன் பால்பார்க் இருக்கு, 1946 மார்ச் 17 அவர் அங்க ஆடினாரு, மத்த ஊருங்க எல்லாம் கதவை அடைச்சப்ப அந்த ஊர் மட்டும் விட்டுச்சு. அந்த நகராட்சிக்கும் இந்தப் பட்டியல் வந்துச்சு, கோடிக்கணக்குல எடுத்து வெச்சு வேலையை ஆரம்பிச்சிருக்காங்க. ரோட் ஐலண்ட் பாட்டக்கெட்ல மெக்காய் ஸ்டேடியம் 1942ல தொறந்தது, டீம் 2021ல மாசசூசெட்ஸ் வூஸ்டருக்குப் பெட்டியைக் கட்டிடுச்சு, ஸ்டேடியம் காலியாச்சு, அந்த எடத்துல ஹை ஸ்கூல் கட்ட முடிவாச்சு. ஸ்கூல் வர்றதைத் தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வரல.

ஜாக்கல்ஸ் எந்த மேஜர் டீமுக்கும் கீழ இல்ல. ஃப்ரன்டியர் லீக்னு தனி லீக், மேஜர் லீக்கோட கூட்டாளின்னு பேர், ஆனா ஆட்டக்காரங்களுக்குச் சம்பளம் டீம்தான் கொடுக்கணும். 1998ல இருந்து 2022 வரைக்கும் லிட்டில் ஃபால்ஸ்ல மான்ட்கிளேர் யுனிவர்சிட்டி வளாகத்துல யோகி பெர்ரா ஸ்டேடியத்துல ஆடினாங்க, அங்கேர்ந்து இங்க வர்றது கார்ல கூப்பிடு தூரம். சின்ன டீம் வந்ததைக் குறையா சொல்லாதீங்க. கோடையில வாரம் பூரா மேட்ச் நடத்தி விளக்கைப் போட ஒரு வாடகைதாரர் கிடைச்சதே பெரிய விஷயம்.

3 ஜூன் 2024

மெக்காய்னு எழுதினதும் ஒருத்தர் "அந்த நீளமான மேட்ச் நடந்த எடமா"ன்னு கேட்டாரு. அதேதான். 1981 ஏப்ரல் 18 சாயங்காலம் ஆரம்பிச்சது, பாட்டக்கெட்டும் ராச்செஸ்டரும், 9 இன்னிங்ஸ்ல முடிய வேண்டியது 32 இன்னிங்ஸ் ஓடி விடிகாலை 4 மணிக்கு மேல நிறுத்தினாங்க. அப்ப ஸ்டாண்ட்ல மிச்சம் இருந்தது 19 பேர். குளிருக்கு ஒடைஞ்ச பேட்டுங்களை எரிச்சுக் குளிர் காஞ்சாங்க. ஜூன் 23 மறுபடி ஆரம்பிச்சு 18 நிமிஷத்துல, 33ஆவது இன்னிங்ஸ்ல பாட்டக்கெட் ஜெயிச்சுது. ராச்செஸ்டர் பக்கம் கால் ரிப்கன்னு ஒரு ஆட்டக்காரர், பாட்டக்கெட் பக்கம் வேட் பாக்ஸ், ரெண்டு பேருமே பின்னாடி ஹால் ஆஃப் ஃபேம். அந்த 19 பேர் வீட்டுல என்ன பதில் சொன்னாங்களோ. விடிஞ்சா ஈஸ்டர் ஞாயிறு வேற!

18 ஜூன் 2024, ராத்திரி

பேஸ்பால் ஜாம்பவான் வில்லி மேஸ் போயிட்டாரு. 93 வயசு.

இன்னும் ரெண்டு நாள்ல அலபாமா பர்மிங்ஹாம்ல இருக்கற பழைய மைதானம் ரிக்வுட் ஃபீல்டுல அவருக்கு மரியாதை செய்ய மேஜர் லீக் மேட்ச் வெச்சிருந்தாங்க. இன்னைக்கு அங்க ஒரு மைனர் லீக் மேட்ச் நடந்துக்கிட்டிருந்தப்பவே மைக்ல அறிவிச்சிருக்காங்க, மொத்தக் கூட்டமும் எழுந்து கை தட்டியிருக்கு. 1948ல ஹை ஸ்கூல் பையனா பிளாக் பேரன்ஸ்ங்கற நீக்ரோ லீக் டீமுக்கு அதே மைதானத்துலதான் ஆடினாரு. வேற எதுவும் எழுதத் தோணல.

21 ஜூன் 2024

நேத்து ரிக்வுட் மேட்ச் முழுசா பாத்தேன், கார்டினல்ஸ் 6, ஜயன்ட்ஸ் 5. அதுல ரெண்டு விஷயம் மனசை விட்டுப் போகல.

ஒண்ணு பில் கிரீசன், 99 வயசு, 1948 பிளாக் பேரன்ஸ்ல மேஸோட கூட ஆடின பிட்சர், அதாவது பந்து எறியறவர். முதல் பந்து அவர்தான் போட்டாரு. அந்தக் கை எறிஞ்ச மேடு, மவுண்ட், இன்னும் அதே எடத்துல இருக்கறதாலதான் அது நடந்துச்சு.

ரெண்டாவது ரெஜி ஜாக்சன், பின்னாடி ஹால் ஆஃப் ஃபேம் போன கறுப்பின வீரர். 1967ல பர்மிங்ஹாம் ஏஸ் டீம்ல இதே ரிக்வுட்ல ஆடினவர். டிவில ஞாபகத்தைக் கேட்டாங்க, இனிப்பா ஏதாவது சொல்வாருன்னு நெனச்சிருப்பாங்க. அவர் ஹோட்டல்ல ரூம் தரமாட்டேன்னதையும் சாப்பாட்டுக் கடையில வெளிய போகச் சொன்னதையும் கூட ஆடின ஜோ ரூடி வீட்டு சோஃபால வாரத்துக்கு மூணு நாலு ராத்திரி படுத்ததையும், அதுக்காக அந்த அபார்ட்மென்டையே கொளுத்திடுவோம்னு மிரட்டினதையும் ஒண்ணு விடாம சொன்னாரு. ஸ்டுடியோல ஒருத்தர் வாயும் அசையல. பழைய மைதானத்தைப் புதுப்பிக்கறப்ப பழைய அழுக்கும் சேர்ந்து வெளிய வரணும், அப்பத்தான் அது வரலாறு. பச்சைப் பெயின்ட் அடிச்சு, அந்தக் காலத்து எழுத்துல விளம்பரம் எழுதி வெச்சா மட்டும் ஆகாது.

ரிக்வுட் 1910 ஆகஸ்ட் 18 தொறந்தது, நாட்டுலயே பழைய தொழில்முறை பேஸ்பால் மைதானம். மைனர் லீக்ல இரும்பும் கான்கிரீட்டும் போட்டுக் கட்டின முதல் ஸ்டேடியமும் அதுதான். ரிக் வுட்வர்டுன்னு இரும்பு ஆலை முதலாளி கட்டினது, அவர் பேரையே சுருக்கி ரிக்வுட். பர்மிங்ஹாம் பேரன்ஸ்ங்கற மைனர் லீக் டீம் 1987 வரைக்கும் ஆடிட்டு புறநகர் புது ஸ்டேடியத்துக்குப் போயிட்டாங்க. அங்கதான் முடிஞ்சிருக்கணும். 1992ல ஊர்க்காரங்க சேர்ந்து ரிக்வுட் நண்பர்கள்னு ஒரு சங்கம் வெச்சு காசு வசூல் பண்ணி கொஞ்சம் கொஞ்சமா காப்பாத்தினாங்க, 1996ல இருந்து வருஷத்துக்கு ஒரு மேட்ச் பேரன்ஸ் அங்க வந்து ஆடுச்சு. நேத்து மேட்சுக்காக மேஜர் லீக் தரைய பூரா மாத்திப் புதுப் புல்லு, வடிகால், ஆட்டக்காரங்க உக்கார்ற டக்அவுட்டைப் பெருசாக்கி, சுவருக்கு மெத்தை, வலைன்னு போட்டிருக்காங்க. கிராண்ட்ஸ்டாண்ட் கூரையையும் சாஞ்சு நிக்கற விளக்குக் கோபுரத்தையும் தொடாம விட்டது எனக்கு ரொம்ப நிம்மதி.

23 ஜூன் 2024

ரிக்வுட் பத்தி இன்னும் கொஞ்சம். ரெண்டு நாளா மனசுல ஓடிக்கிட்டே இருக்கு.

ஒரு ராத்திரிக்கு நாடே பாத்துச்சு. திங்கக்கிழமை என்ன? அங்கயும் ஸ்கூல் பசங்க ஆடறாங்க, ஊர்ச் சங்கம் இருக்கு, அதனால எனக்குப் பெரிய கவலை இல்ல. ஆனா ஒரு நாள் விழாவுக்காகச் செய்யற ரிப்பேரும் தினசரி உபயோகத்துக்குச் செய்யற ரிப்பேரும் வேற வேற. விழாவுக்குன்னா டிவி கேமரா பாக்கற பக்கம் பளபளக்கும். தினசரிக்குன்னா கேமரா பாக்காத வடிகால் குழாய், கழிப்பறை, ஜாயிண்ட்ல ரப்பர், படிக்கட்டுக் கைப்பிடி. என் தொழில்ல நான் எப்பவும் முதல்ல பாக்கறது கழிப்பறையும் வடிகாலும்தான். ஹின்ச்லிஃப்ல அன்னைக்கு மழை விட்ட கொஞ்ச நேரத்துலதான் போனோம், உக்கார்ற வரிசையில எங்கயும் தண்ணி தேங்கல. பொண்ணு ஆட்டத்தைப் பாருங்கப்பான்னு கையைப் பிடிச்சு இழுத்தா.

2014ல நூத்துக்கணக்கான தன்னார்வலர்கள் வந்து ஹின்ச்லிஃப் சுவருல கிறுக்கல் மேல பெயின்ட் அடிச்சாங்க. அதை வெறும் பெயின்ட்னு நான் சொல்ல மாட்டேன், அந்தச் சமயத்துல ஊருக்கு அது தேவைப்பட்டுச்சு. 2002லயே ஹின்ச்லிஃப் நண்பர்கள்னு சங்கம் ஆரம்பிச்சாச்சு, 2004ல தேசிய வரலாற்று எடங்கள் பதிவேட்டுல எடம், 2010ல அழியப் போற 11 எடங்கள் பட்டியல்ல பேர். இத்தனை வருஷம் யாராவது ஒருத்தர் கூட்டத்துக்குக் கூட்டம் போய் எழுந்து பேசிக்கிட்டே இருந்திருக்காங்க. அந்தப் பொறுமைக்கு என்னால முடிஞ்ச மரியாதை இங்க எழுதறது.

6 ஜூலை 2024

நேத்து ஜூலை 5, லேரி டோபி நாள். யாரும் எழுதலையேன்னு நான் எழுதறேன்.

ஜாக்கி ராபின்சனை உலகத்துக்கே தெரியும், ஏப்ரல் 15, 1947. பதினொரு வாரம் கழிச்சு, மேஜர் லீக்கோட ரெண்டு பிரிவுல ஒண்ணான அமெரிக்கன் லீக்ல முதல் கறுப்பின ஆட்டக்காரரா கிளீவ்லண்டுக்கு எறங்கினவர் டோபி. ரெண்டாவதா வந்ததால பாதிப் பேருக்குப் பேரே தெரியாது. ஆனா வாங்கின ஏச்சுல பாதி குறைஞ்சதா என்ன? பேட்டர்சன் ஈஸ்ட்சைட் ஹை ஸ்கூல் பையன். ஹின்ச்லிஃப்ல ஸ்கூலுக்காக ஃபுட்பால் ஆடினாரு, 1942ல நியூவார்க் ஈகிள்ஸ்ங்கற நீக்ரோ லீக் டீம் அவரைச் சோதிச்சுப் பாத்ததும் இதே ஹின்ச்லிஃப்லதான். மேஜர் லீக்கோட இறுதிப் போட்டித் தொடர், 1948 வேர்ல்டு சீரிஸ்ல ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்சர் மாதிரி) அடிச்ச முதல் கறுப்பின வீரர். 1998ல ஹால் ஆஃப் ஃபேம், 2003ல காலமானார். நாடாளுமன்றத்தோட தங்கப் பதக்கம் 2023 டிசம்பர் 13 கொடுத்தாங்க, இருந்திருந்தா அன்னைக்கு அவருக்கு நூறு வயசு. இப்ப ஹின்ச்லிஃப்ல ஆடற தரைக்கு அவர் பேருதான் வெச்சிருக்காங்க.

இன்னைக்கு பேட்டர்சன்ல பங்களாதேஷ்காரங்க, பெருவியர்கள், அரபுக்காரங்க, டொமினிக்கன்காரங்க எல்லாம் நெறைய. அவங்க பிள்ளைங்க ஸ்கூல் டீம்ல இதே தரைல ஆடுதுங்க. அதுல ஒண்ணு ரெண்டு அவர் யாருன்னு கேட்கும், யாராவது பதில் சொல்வாங்க. இடிச்சிருந்தா கேள்வியே வந்திருக்காது.

14 ஜூலை 2024

போகணும்னு மூணு பேர் கேட்டிருக்கீங்க, அதனால இதை மட்டும் சொல்லிடறேன். கார்ல போறவங்க ஸ்டேடியத்தை ஒட்டின கேரேஜ்லயே விடலாம். ரயில்னா நியூஜெர்சி ட்ரான்சிட் மெயின் லைன்ல பேட்டர்சன் ஸ்டேஷன், அங்கேர்ந்து நடக்கவும் முடியும், ஆனா ராத்திரி மேட்ச் முடிஞ்சு திரும்ப டாக்சி எடுத்துக்கங்க. ஒரு மணி நேரம் முன்னாடி போங்க, முதல்ல நீர்வீழ்ச்சிக்கு எதிர்ல இருக்கற நடைபாலத்துல நில்லுங்க, அப்புறம் ஸ்டேடியம். வழியில நகைச்சுவை நடிகர் லூ காஸ்டெல்லோ சிலை, கைல பேஸ்பால் மட்டையோட நிக்கும், இந்த ஊர்க்காரர்தான்.

உள்ள போனதும் உடனே உக்காராதீங்க, வரிசை மேல ஏறி வளைவோட கடைசி வரைக்கும் நடந்து பாருங்க. பழைய கான்கிரீட்டும் புதுசும் சேர்ற கோடு சில எடத்துல கண்ணுக்குத் தெரியும், நல்ல வேலை பண்ணியிருக்காங்க. குழந்தைங்களைக் கூட்டிப் போங்க. சீசன் செப்டம்பர் ஆரம்பம் வரைக்கும் இருக்கு, வார நாள் மேட்ச்ல கூட்டம் கம்மியா இருக்கும், அன்னைக்குப் போனா டீமுக்கும் உபகாரம். ஆகஸ்ட்ல நான் போறேன், கூட வர்றவங்க கீழ எழுதுங்க.